கடலில்லாத ஊரில் ஒரு மைனி

எந்தக் கல்யாண வீட்டுக்குள் நுழைந்தாலும் என் மைனி மணமேடையைப் பார்க்க மாட்டார். மண்டப வாசலில் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டு கூட்டத்தை ஒரு சுற்று சுற்றிப் பார்ப்பார். பிறகு என் காதருகே குனிந்து, "ஏட்டி, அந்தா சாவிக்கொத்தோட நிக்காருல்லா, நீலச் சட்டை, அவருதான் முதல்ல காலியாவாரு" என்பார். காலியாவார் என்றால் செத்துப்போவார் என்று அர்த்தமில்லை. ஓய்ந்து விழுவார், அவ்வளவுதான். ஆனால் பக்கத்தில் நின்று கேட்கிறவர்களுக்கு அது எப்படித் தெரியும்?

அந்த நீலச் சட்டைக்காரர் பெண்ணுக்குச் சித்தப்பா. ஸ்டோர் ரூம் சாவி அவரிடம். ஸ்டேஷனுக்கு வேன் அனுப்புவது அவர். சமையல்காரருக்குத் தேங்காய் போதவில்லை என்றாலும் அவர், மாப்பிள்ளைக்குச் செருப்பு கடித்தாலும் அவர். மண்டபத்தில் சும்மா உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்த மாமன், மச்சான், பெரியப்பா எல்லோரும் எது கேட்டாலும் அவரைக் கையைக் காட்டிவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தார்கள். தாலி கட்டி முடிந்ததும் அந்த மனுஷர் ஸ்டோர் ரூமில் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்தவர்தான், எழுந்திருக்கவில்லை. டாக்டர் வந்து ரத்த அழுத்தம் பார்த்து, படுக்க வைத்துவிட்டார். சாவிக்கொத்தில் எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு என்று யாருக்கும் தெரியாமல் இரண்டாம் பந்தி அரை மணி நேரம் இலை முன்னால் உட்கார்ந்திருந்தது.

மைனி சொன்னதைக் கேட்டிருந்த ஓர் அம்மாள் அதை நாலு பேரிடம் சொல்ல, அந்த நாலு பேர் நாற்பது பேரிடம் சொல்ல, டில்லியில் லக்ஷ்மிபாய் நகரிலிருந்து ஆர்.கே. புரம் வரை என் மைனிக்குக் கருநாக்கு என்று பேராகிவிட்டது. ஒரு வீட்டுச் சீமந்தத்துக்கு எங்களை அழைக்க வந்தவர்கள், "மைனிக்கு வேலை ரொம்ப இருக்கும், தொந்தரவு பண்ண வேண்டாம்" என்று நாசூக்காகச் சொல்லிவிட்டுப் போனார்கள். எனக்கு ஆத்திரம் வந்தது. மைனிக்கோ ஒன்றுமே இல்லை. "அவ்வோ வீட்டுல அந்த மருமவ பிள்ளைதான் முதல்ல காலியாவா. நான் வந்து வேற சொல்லணுமாக்கும்?" என்றார்.

என் வீட்டுக்காரருக்கு உடன்பிறந்த அக்கா இவர். எங்களுக்குத் திருநெல்வேலிப் பக்கம். நாங்கள் புருஷனின் அக்காவையும் மைனி என்றுதான் கூப்பிடுவோம். மைனி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்கிற தைரியம் எங்கள் மாமனாருக்கே கிடையாது, பிறகு எனக்கு எங்கே வரும்? லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் இரண்டு அறை. ஒன்று எங்களுக்கு, ஒன்று மைனிக்கும் அவருடைய கம்ப்யூட்டருக்கும். மாமா, அதாவது என் மாமனார், ஹாலில் கட்டிலைப் போட்டுக்கொண்டு, கூலருக்கு நேராகப் படுத்திருப்பார். என் மகள் டில்லியில் பிறந்தவள். அத்தை என்று எத்தனை தடவை சொல்லிக் கொடுத்தாலும் இந்தியில் 'புவா' என்றுதான் கூப்பிடுவாள். மைனியும் அதற்கே திரும்பிப் பார்ப்பார்.

மைனிக்குக் கடலுக்கடியில் செய்தி அனுப்புகிற வேலை. ஒரு சர்க்கார் ஆராய்ச்சி ஆபீஸ். கடலே இல்லாத டில்லியில் கடல் ஆராய்ச்சியா என்று சிரிக்காத ஆளில்லை. ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் கறிவேப்பிலை வாங்கும்போது ஒரு ரிட்டையர்ட் அண்டர் செக்ரட்டரி மாமா இதே கேள்வியைக் கேட்டார். மைனி முருங்கைக்காயை முறுக்கிப் பார்த்துக்கொண்டே, "டில்லியில நெல்லு விளையுதா மாமா? நெல்லு விலைய இங்ஙன உக்காந்துதானே போடுதீங்க?" என்று கேட்டார். அந்த மாமா அதற்கப்புறம் மைனியைக் கண்டால் ஸ்கூட்டரை நிறுத்த மாட்டார்.

நான் தமிழ் மீடியம் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஆனாலும் மைனியின் வேலை எனக்குப் புரிய ரொம்ப நாளாயிற்று. தண்ணீருக்குள் ரேடியோ எடுபடாது. சத்தம்தான் போகும். அதுவும் மெதுவாகப் போகும். கடலடியில் ஒரு கருவி வெப்பத்தையோ அழுத்தத்தையோ அளந்து சொன்னால், அதை நடுவில் தொங்குகிற இன்னொரு கருவி கேட்டு, திரும்பச் சொல்லி, அதற்கு மேலே இருப்பது கேட்டு, இப்படிக் கைமாறிக் கைமாறி மேலே மிதக்கிற மிதவைக்கு வரவேண்டும். எல்லாவற்றிற்கும் உள்ளே ஒரு பேட்டரிதான். தீர்ந்தால் முங்கிப்போய் மாற்ற ஆள் கிடையாது. இதில் எந்தக் கருவி யாருக்குச் செய்தியைக் கைமாற்ற வேண்டும் என்பதுதான் மைனியின் தலைவலி.

அந்த ஆபீசில் இதற்கு இரண்டு கட்சி. மைனிக்கு மேலே இருந்த பெரிய சார், நல்ல மனுஷர், பெங்காலி, ஒரு வழி வைத்திருந்தார். இருப்பதிலேயே குறுக்கான பாதை எதுவோ அதைப் பிடித்துக்கொண்டு எப்போதும் அதிலேயே அனுப்புவது. செய்தி சீக்கிரம் வரும். ஒன்றுவிடாமல் வரும். மைனியின் வழி வேறே. செய்தி காதில் விழுந்ததும் ஒவ்வொரு கருவியும் கொஞ்சம் பொறுக்க வேண்டும். மேலே இருப்பது கொஞ்சம் பொறுத்தால் போதும், கீழே இருப்பது அதிகம் பொறுக்க வேண்டும். களைத்துப்போனது, அதாவது பேட்டரி இறங்கினது, இன்னும் அதிகம் பொறுக்க வேண்டும். அதற்குள் வேறு ஒன்று சொல்லிவிட்டால் நாம் வாயைத் திறக்க வேண்டாம். இதில் செய்தி சுற்றி வளைத்து, ஆடி அசைந்துதான் வரும்.

"உங்க சாரோடதுதானே மைனி வேகமா இருக்கு?" என்று ஒரு தடவை கேட்டுவிட்டேன்.

"வேகம் கெடக்கு வேகம். ஒரே பாதையில எல்லாத்தையும் அனுப்புனா அந்தப் பாதையில இருக்கவன் முதல்ல காலியாவான். அவன் போனா கீழ இருக்கவன் அத்தனை பேரும் உசிரோட இருந்தும் ஊமைதான். அதுக்குப் பேரு வேகமா?"

சுனாமி வந்துபோன பிறகு இந்த வேலைக்கு எங்கிருந்தெல்லாமோ கவனம் வந்தது. கடலில் நிஜமாகவே கருவிகளை இறக்கப்போகிறார்கள், இரண்டு வழிகளில் ஒன்றுதான் போகும் என்று முடிவாயிற்று. தேர்ந்தெடுக்க ஒரு கமிட்டி. மைனிக்கு இது ஆறேழு வருஷத்து உழைப்பு. ஜெயித்தால் கடல். இல்லாவிட்டால் எல்லாவற்றையும் கட்டி அலமாரி மேல் போட்டுவிட வேண்டியதுதான். மைனி அதைச் சொன்ன விதத்தைப் பார்த்தால் ஏற்கெனவே ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது. "நம்மளதுதான் போவும்" என்றார், சோற்றைப் பிசைந்துகொண்டே.

மைனிக்கு இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அவர் ஒப்புக்கொள்ள மாட்டார். "அது வேற, இது வேற. இங்ஙன தண்ணி" என்று தட்டிவிடுவார். நான் சொல்வேன், அது எங்கள் வீட்டு டெலிபோனிலிருந்து வந்ததுதான்.

தொண்ணூறுகளில் எங்கள் பிளாக்கில் ஃபோன் இருந்தது எங்கள் வீட்டில் மட்டும். மாடியில் இருந்த பஞ்சாபிக் குடும்பம், கீழே இருந்த கும்பகோணத்துக்காரர்கள், எதிர்ப்படி மலையாளி நர்ஸ், எல்லோரும் எங்கள் நம்பரைத்தான் பி.பி. நம்பர் என்று சொந்தக்காரர்களுக்குக் கொடுத்திருந்தார்கள். நான் புதுப்பெண். ஃபோன் மணி அடித்தால் எடுத்து, "ஏக் மினிட் ஜி" என்று சொல்லிவிட்டு, மாடிக்கு ஓடி, "ஆன்ட்டி, லூதியானாவிலிருந்து ஃபோன்" என்று கத்தி, அவர்கள் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு இறங்கி வரும் வரை லைனில் இருப்பவருக்குச் சமாதானம் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வந்தால் குளிக்கப் போக முடியாது. என் மகள் வயிற்றில் இருந்தபோது ஒருநாள் மாடிப்படியில் கால் தவறி, கைப்பிடியைப் பிடித்துத் தப்பித்தேன்.

மைனி அன்றைக்கு ஆபீசிலிருந்து வந்ததும் நடந்ததைக் கேட்டார். மறுநாள் ஒரு லைன்மேனைக் கூட்டிவந்து, நீளமாக வயர் இழுத்து, ஃபோனைத் தூக்கிப் படிக்கட்டுத் திருப்பத்தில் ஒரு ஸ்டூல் மேல் வைத்துவிட்டார். டயலுக்கு ஒரு சின்னப் பூட்டு. வருகிற கால் வரலாம், இங்கிருந்து யாரும் சுழற்ற முடியாது. பிறகு வீடு வீடாகப் போய் ஒரே ஒரு சட்டம் சொன்னார். கடைசியாக யாருக்கு ஃபோன் வந்ததோ, அடுத்த ஃபோனை அவர்கள்தான் எடுத்து உரியவரைக் கூப்பிட வேண்டும். பஞ்சாபி ஆன்ட்டி, "அரே, இது என்ன அநியாயம்? நான் என்ன ஆபரேட்டரா?" என்று சண்டைக்கு வந்தார். "உங்களுக்கு ஃபோன் வரலேன்னா நீங்க எடுக்கவே வேண்டாம் ஆன்ட்டி. லூதியானாவுக்குச் சொல்லிருங்க" என்றார் மைனி. மைனியின் இந்தி பாளையங்கோட்டை இந்தி. வாக்கியம் நொண்டும், ஆனால் அர்த்தம் நேராகப் போய் விழும்.

யாருக்கு அதிகம் ஃபோன் வந்ததோ அவர்கள் அதிகம் ஓடினார்கள். நான் குளிக்கப் போனேன். ஒரு மாதத்தில் பஞ்சாபி ஆன்ட்டியே கீழ்வீட்டுக்காரர்களிடம், "நேற்று உனக்குத்தானே வந்தது? ஜல்தி போய் எடு" என்று விரட்ட ஆரம்பித்துவிட்டார். பிறகு ஒவ்வொரு வீட்டுக்கும் ஃபோன் வந்து, அந்த ஸ்டூல் மொட்டைமாடிக்குப் போயிற்று.

எல்லாவற்றிலும் மைனி சொன்னது நடந்ததா என்றால் நடந்தது. அதுதான் அவரிடம் எரிச்சலான விஷயம். முதல் தடவை கருவிகளை ஒரு காலேஜ் நீச்சல்குளத்தில் இறக்கிப் பார்த்தபோது எல்லாச் செய்தியும் பளிச்சென்று வந்ததாம். மைனியோடு வேலை செய்கிற பையன்கள் கை தட்டி, ஜிலேபி வாங்கி வந்துவிட்டார்கள். மைனி ஜிலேபியைத் தின்றுவிட்டு, "பாத்ரூம்ல பாடுனா எல்லாருக்கும் நல்ல குரல்தான். இந்தச் செவுரு எதிரொலிக்க எதிரொலிக்க விழாத செய்தியும் விழும். வெளிய எடுங்க" என்றார். அதனால்தான் பெரிய தண்ணீர் தேடி, மலைமேல் ஓர் ஏரியைப் பிடித்தார்கள். ஆழமான ஏரி. அங்கேதான் போட்டி.

அந்த ஏரிக்குப் போவதற்கு முன்னால் எனக்கும் மைனிக்கும் ஒரு சண்டை. மே மாதம், சமையலறை அனலாகக் கொதிக்கிறது. ஒரு அடுப்பில் மாமாவுக்குக் கஞ்சி, மறு அடுப்பில் குழம்பு. ஹாலிலிருந்து வீட்டுக்காரர் பனியன் எங்கே என்கிறார், மகள் கத்தரிக்கோல் எங்கே என்கிறாள், மாமா மாத்திரை எங்கே என்கிறார். நான் அடுப்பைவிட்டு நகராமல் மூன்று பேருக்கும் பதில் சொல்கிறேன். எனக்கு அதில் பெருமைதான், ஏன் பொய் சொல்ல வேண்டும்? நான் இல்லாவிட்டால் இந்த வீட்டில் ஒரு ஊசி அசையாது என்று நினைப்பு. மைனி நிலைப்படியில் சாய்ந்து நின்று என்னை அந்தக் கல்யாண வீட்டுப் பார்வை பார்த்தார்.

"நீதாம்ட்டி முதல்ல காலியாவ."

எனக்கு வந்ததே கோபம். "என் வீடு மைனி இது. உங்க கடல் இல்ல. நான் பாத்துக்கிடுதேன். கருநாக்கை வச்சுக்கிட்டுச் சமையல்கட்டுல நிக்காதீங்க" என்று கரண்டியோடு திரும்பிவிட்டேன். சொன்ன பிறகு எனக்கே திக்கென்றது. மைனிக்கு அந்தப் பேர் தெரியும் என்பது எனக்குத் தெரியும், ஆனாலும் வீட்டுக்குள் யாரும் அதைச் சொன்னதில்லை.

மைனி கோபிக்கவே இல்லை. அடுப்பை அணைத்தார். "லீவுதானே? துணிய எடுத்து வை. என்கூட மலைக்கு வார" என்றார். ஹாலுக்குப் போய்த் தம்பியிடமும் அப்பாவிடமும், "இவள நான் கூட்டிட்டுப் போறேன். மாத்திரை எங்க, பனியன் எங்கன்னு இப்பவே கேட்டுக்கிடுங்க" என்று அறிவித்தார். வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். உள்ளுக்குள் குதித்துக்கொண்டிருந்தேன் என்பதை அவருக்குக் காட்டிக்கொள்ளவில்லை.

கல்யாணமாகி டில்லி வந்ததிலிருந்து நான் பார்த்த முதல் மலை அது. காலையில் பைன் மரங்களுக்கிடையே குளிர் அடித்தது, ஜூன் மாதத்தில்! கெஸ்ட் ஹவுஸில் சமையல்கார பையா ஒருவர் காப்பி கொண்டுவந்து கையில் கொடுத்தார். யாரோ போட்ட காப்பியை உட்கார்ந்து குடிப்பது என்பது என்ன சுகம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வீட்டிலிருந்து முதல் இரண்டு நாள் ஃபோன் வந்தது, காயத்தூள் எங்கே, குக்கர் கேஸ்கட் எங்கே என்று. அப்புறம் வரவில்லை. ஒருத்தரும் பட்டினி கிடக்கவில்லை. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்கூட.

ஏரியில் இரண்டு கூட்டமாகக் கருவிகளை இறக்கினார்கள். பெரிய சாரின் வழியில் போவது ஏ, மைனியின் வழியில் போவது பி. எல்லாவற்றிலும் ஒரே மாதிரி சின்னப் பேட்டரி. இரண்டு கூட்டத்துக்கும் சேர்த்து மேலே ஒரு மிதவை, அதற்கு மட்டும் சோலார் தகடு. கமிட்டி வந்திறங்கியது. தலைவர் ஒரு சர்தார்ஜி, கடற்படையில் இருந்து ஓய்வுபெற்றவர், வெள்ளைத் தாடி, குரல் மட்டும் பீரங்கி. அவர்கள் வந்தது ஒரே ஒரு நாளுக்கு. மறுநாள் காலை திரும்பிவிடுவார்கள். எனக்கே அது விளங்கவில்லை. யார் கடைசிவரை நிற்பார் என்கிற போட்டியை முதல் நாளே பார்த்துவிட்டுப் போனால் என்ன தெரியும்? டில்லிக் கமிட்டிகள் அப்படித்தான், டீயும் பிஸ்கட்டும் முடிந்தால் பரீட்சையும் முடிந்தது.

அன்றைக்கு ஏ கூட்டம் மணியடித்த மாதிரி வேலை செய்தது. கரையில் வைத்திருந்த கம்ப்யூட்டரில் வரிசையாகச் செய்திகள். பி கூட்டத்திலிருந்து ஒன்றுமே வரவில்லை. ஒரு எழுத்துகூட இல்லை. பையன்கள் முகம் வெளுத்துப்போய் வயரைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகினார்கள். பெரிய சார் பாவம், சந்தோஷப்படவும் முடியாமல் மைனியைத் தேற்றவும் முடியாமல் தொப்பியைக் கழற்றிக் கழற்றி மாட்டினார். மைனி மட்டும் மடியில் ஒரு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு கரைக்கல்லில் உட்கார்ந்திருந்தார். இத்தனை வருஷ உழைப்பு இப்படி ஒரு மத்தியானத்தில் போய்விடுமா என்று பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஐந்து நிமிஷம் கழித்து மைனி சிரிக்க ஆரம்பித்தார். நிஜமான சிரிப்பு, கண்ணில் தண்ணீர் வரும் சிரிப்பு.

"என்ன மைனி?"

"நீ கணக்கு டீச்சர்தானே, கேளு. ஆழத்த இது எப்படித் தெரிஞ்சுக்கிடுது? மேல எவ்வளவு அழுத்துதுன்னு பாத்து. டில்லி காத்துல அத பூஜ்யம்னு சொல்லிக் குடுத்துக் கொண்டாந்துட்டோம். இங்ஙன மலை, காத்து லேசு. அதனால மேல கிடக்க கருவி தண்ணிக்குள்ள இருக்கப்பவே தான் தண்ணிக்கு மேல பறக்குதோம்னு நினைச்சுட்டு. ஆழம் மைனஸுல வந்துட்டு. நாங்க எழுதுன புரோகிராமுக்கு மைனஸ் தெரியாது. ஆழத்துக்கு எதுக்கு மைனஸுன்னு விட்டுட்டோம். மைனஸ் தெரியாட்டா அது என்னாவும்?"

"ஸ்கூட்டர் மீட்டரப் பூஜ்யத்துக்குக் கீழ திருப்புனா எல்லாம் ஒம்பதா நிக்குமே, அது மாதிரி பெரிய நம்பரா மாறிருமா?"

"இருக்கதுலயே பெரிய நம்பரு! எல்லாத்துக்கும் மேல கிடக்கவ, நாந்தான் எல்லாத்துக்கும் அடியில கிடக்கேன், எனக்கு எதுக்கு இந்தச் செய்தின்னு வாய மூடிட்டா. கடலுக்கு வேலை செய்யுதவன் மலையேறுனா இப்படித்தாம்ட்டி."

எழுந்து, சேலை மண்ணைத் தட்டிவிட்டு, நேராகக் கமிட்டி உட்கார்ந்திருந்த ஷாமியானாப் பந்தலுக்குப் போனார். சுற்றி வளைக்கவில்லை. தப்பு எங்களுடையது, மலைக்காற்றை மறந்துவிட்டோம், நாளைக்குப் படகில் போய் ஒவ்வொன்றாக மேலே இழுத்துச் சரிசெய்துவிடுவோம் என்றார். சர்தார்ஜி, நாளைக்கு நாங்கள் இருக்க மாட்டோமே என்றார். வழக்கமாக இந்த இடத்தில் ஆட்கள் கெஞ்சுவார்கள். மைனி கைப்பையைத் திறந்து பேனாவை எடுத்தார்.

"அப்ப உங்க மொபைல் நம்பரைக் குடுங்க சார்."

"எதுக்கு?"

"நீங்க இருக்க வேண்டாம். மிதவையில ஒரு சிம் கார்டு இருக்கு. கரைக்கு வர்ற ஒவ்வொரு செய்திக்கும் உங்க ஃபோனுக்கு ஒரு மெசேஜ் வரும். ஏ ஒரு மெசேஜ், பி ஒரு மெசேஜ், கூடவே அடித்தண்ணி என்ன குளிர்னு. எது வருது எது வரலன்னு நீங்களே பாருங்க. முடிவை மட்டும் கொஞ்சம் பொறுத்து எழுதுங்க."

சர்தார்ஜி பெரிய சாரைப் பார்த்தார். பெரிய சார் உடனே, "ஆமாம் சார், அதுதான் நியாயம்" என்றார். அதற்காகவே அந்த மனுஷரை இன்றைக்கும் எனக்குப் பிடிக்கும். சர்தார்ஜிக்கு இது ஏதோ வேடிக்கையாகப் பட்டிருக்க வேண்டும். ஏரியே எனக்குக் கடிதம் போடப்போகிறதா என்று சிரித்துக்கொண்டே நம்பரைச் சொன்னார்.

மறுநாள் காலை அவர்கள் ஜீப் இறங்கிப் போன பிறகு மைனி படகில் ஏறினார். இழுத்து, பூஜ்யத்தைத் திரும்பச் சொல்லிக் கொடுத்து, மைனஸையும் சொல்லிக் கொடுத்து, இறக்கி முடிக்க ஒரு முழு நாள் ஆயிற்று. சாயங்காலம் பி பேச ஆரம்பித்தது. மெதுவாக, விட்டுவிட்டு.

டில்லிக்குத் திரும்பினோம். வீடு இருந்த இடத்திலேயே இருந்தது. மாமா தன் மாத்திரைகளைத் தானே ஒரு டப்பாவில் பிரித்து வைத்திருந்தார். அடுக்களையில் என் டப்பாக்கள் எல்லாம் இடம் மாறியிருந்தன. யாரும் என்னை எதற்கும் கூப்பிடவில்லை. ஒரு வாரம் எனக்குக் கைகால் ஓடவில்லை. பிறகு சாயங்காலங்களில் எம்.எஸ்ஸி. படிக்க உட்கார்ந்தேன்.

மழைக்காலம் வந்தது. கமிட்டியிலிருந்து ஒரு வார்த்தை இல்லை. ஏ கூட்டம் முதல் சில வாரங்கள் பிரமாதமாக ஓடியது, பி அதன் பாதிகூட இல்லை. ஆபீசில் ஆட்கள் மைனியிடம் துக்கம் விசாரிப்பது போலப் பேச ஆரம்பித்தார்கள். நானும் பயந்தேன். "மைனி, ஒருவேளை அவ்வோ இப்பவே முடிவு எழுதிட்டாவன்னா?" என்று கேட்டேன். "எழுத மாட்டாரு. நேவிக்காரரு. தண்ணிக்குள்ள போனவன் திரும்பி வந்தானான்னு பாக்கதுதான் அவ்வோ புத்தி" என்றார். ஆனால் அந்த நாட்களில் மைனி சாப்பாட்டில் உப்பு இல்லாததைக்கூடச் சொல்லவில்லை. அதை நான் கவனித்தேன். தைரியம் என்றால் பயமே இல்லாமல் இருப்பது என்று நான் அதுவரை நினைத்திருந்தேன்.

ஆகஸ்டில் ஒரு நாள் ஏ நின்றது. நடுவில் தொங்கிய ஒரே ஒரு கருவிதான் தீர்ந்துபோனது. அதற்குக் கீழே இருந்தவை எல்லாம் பேட்டரியோடு கிடந்தும் மேலே ஒரு சொல் வரவில்லை. பெரிய சாரே மைனியின் மேஜைக்கு வந்து சொல்லிவிட்டுப் போனாராம். மைனி அன்றைக்குச் சிரிக்கவில்லை. "பாவம், நல்ல கருவி அது" என்றார், ஆளைச் சொல்வது மாதிரி.

செப்டம்பர் போயிற்று. கொலு வைத்து எடுத்தோம். தீபாவளிப் பட்டாசுப் புகை அடங்கிக் குளிர் ஆரம்பித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஃபோன் அடித்தது. நான் எடுத்தேன். பீரங்கிக் குரல்.

"மகளே, மேடம் இருக்காங்களா? கூப்பிடுங்க. ஜல்தி."

மைனி தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தார். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து ரிசீவரை வாங்கினார். அந்தக் குரலுக்கு நான் காது கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை, ஹால் முழுக்கக் கேட்டது.

"மேடம், உங்க ஏரியை நிறுத்துங்க. மீட்டிங்ல அடிக்குது. குருத்வாராவுல அடிக்குது. நேத்து என் பேத்தி நிச்சயதார்த்தம், அங்கயும் அடிக்குது. எல்லாரும் என்னைத் திரும்பிப் பாக்கறாங்க."

"என்ன எழுத்து சார் வருது?"

"பி. எப்பப் பார்த்தாலும் பி."

"ஏ வரலையா சார்?"

"ஏ எங்க வருது? அது மழையிலயே..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார்.

மைனி அவரை அவசரப்படுத்தவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார். "நிறுத்துன்னு சொல்றீங்க சார். என்னால முடியாது. அடியில கிடக்கறதை இங்க இருந்து யாராலயும் நிறுத்த முடியாது. தானா ஓஞ்சாத்தான் உண்டு. அது ஓய மாட்டேங்குது."

அப்புறம் அந்தக் குரல், இந்தத் தடவை பீரங்கி இல்லை. "அப்ப கடல்ல இதையே போடுங்க மேடம். நாளைக்கே எழுதிடறேன். என் நம்பரை மட்டும் அதுல போட்டுடாதீங்க."

"தேங்க்யூ சார்" என்று மைனி ரிசீவரை வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை. "கடலுக்குப் போவுதுட்டி" என்றார் என்னிடம். பஞ்சாபி ஆன்ட்டியை, அண்டர் செக்ரட்டரியை எல்லாம் அதட்டின மனுஷி, எண்ணெய்த் தலையோடு ஃபோன் பக்கத்தில் நின்று விம்மி விம்மி அழுதார். நான் போய்க் கட்டிப்பிடித்துக்கொண்டேன். எனக்கும் அழுகை நிற்கவில்லை.

காலங்கார்த்தாலே ஃபோன், இரண்டு பெண்கள் கட்டிக்கொண்டு அழுகை. கட்டிலில் படுத்திருந்த மாமா பதறிப்போய், வேட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். "ஏளா, யாரு போயிட்டா? ஊர்லயிருந்தா ஃபோனு? யாரு போயிட்டா?"

மைனி கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினார்.

"ஒருத்தரும் போவலப்பா. எல்லாரும் இருக்காவ."